பாதி அசையும் பொருள்தான் ஆபத்து: குதிரைத் தடைப்பாதைக்கு எதைத் தேர்ந்தெடுப்பது?

முதல் தடைப்பாதையை நான் பி.வி.சி. குழாய்களை வைத்துத்தான் அமைத்தேன். நான்கு அங்குலக் குழாய். எடை குறைவு, ஒரே ஆள் தூக்கி வைத்துவிடலாம், மழையில் கிடந்தாலும் ஊறாது. நான்கு குழாய்களைத் தரையில் வரிசையாகப் போட்டு, என் பெண்குதிரையைக் கயிற்றில் பிடித்து நடத்திக்கொண்டு போனேன். மூன்றாவது குழாயின் மேல் அவளுடைய பின்னங்கால் குளம்பு இறங்கியது. குழாய் உருண்டது. காலும் அதோடு சேர்ந்து முன்னால் இழுபட்டு, இடுப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. விழவில்லை. ஆனால் அன்று மாலை குளம்புக்கு மேலுள்ள மூட்டு வீங்கியிருந்தது. மூன்று வாரம் அவள் முதுகில் சேணம் ஏற்றவில்லை. வீக்கம் வடிந்த பிறகும், தரையில் கிடக்கும் எந்தக் கம்பைக் கண்டாலும் உரக்க மூச்சுவிட்டபடி நின்றுவிடுவாள். அந்தப் பயம் போக இரண்டு மாதம் ஆயிற்று.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பொருளையும் ஒரே கேள்வி கேட்டுத்தான் பாதைக்குள் விடுகிறேன்: குதிரையின் கால் இதன்மேல் பட்டால் இது என்ன செய்யும்? உடனே, தடங்கலில்லாமல் விழுந்துவிட்டால் நல்லது. மலைபோல அசையாமல் நின்றாலும், குதிரை அதன்மேல் காலை வைத்து நடக்கத்தான் அது இருக்கிறதென்றால், நல்லது. இரண்டுக்கும் நடுவில் இருப்பவைதான் காலை முறிக்கின்றன. உருளும் குழாய், வழுக்கும் தார்ப்பாய், காலோடு கூடவே வரும் டயர், ஒரு பக்கம் மட்டும் தூக்கிக்கொள்ளும் பலகை எல்லாம் அந்த வகை. கீழே வரும் ஒப்பீடுகள் எல்லாவற்றிலும் விலை, உழைப்பு, ஆயுள் என்று வேறு கணக்குகளும் உண்டு. ஆனால் தீர்ப்பு இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

தாண்டும் பாதையா, நடக்கும் பாதையா?

கம்பு வாங்கப் போகும் முன் இதை முடிவு செய்துவிட வேண்டும். தடைப்பாதை என்றதும் பலருக்கும் குதிரை பறந்து தாண்டும் காட்சிதான் மனதில் வருகிறது. இன்னொரு மரபும் இருக்கிறது. பாலத்தின் மேல் நடப்பது, வாயிற்கதவைச் சேணத்தில் இருந்தபடியே திறந்து மூடுவது, இரண்டு கம்புகளுக்கு நடுவே பின்னால் நடந்து வருவது, டிரம்களைச் சுற்றி எட்டுப் போடுவது போன்றவை. அமெரிக்காவில் இதை ‘டிரெயில்’ என்கிறார்கள். போர்ச்சுகல், ஸ்பெயின் பகுதிகளில் மாடு மேய்ப்பவர்களின் வேலையிலிருந்து வளர்ந்த ‘வொர்க்கிங் ஈக்விடேஷன்’ போட்டியிலும் இப்படிப்பட்ட தடைகள்தான் பெரும்பங்கு.

வீட்டில் தொடங்குபவருக்கு நான் நடக்கும் பாதையைத்தான் சொல்வேன். தாண்டுவதற்கு நல்ல தரை வேண்டும், அளந்த இடைவெளி வேண்டும், பயிற்சி பெற்ற ஆள் பக்கத்தில் வேண்டும். குதிரையும் முழு வளர்ச்சி அடைந்திருக்க வேண்டும். கால் எலும்புகள் வளர்ந்து முடிந்தாலும் முதுகெலும்பின் வளர்ச்சித் தட்டுகள் மூட ஐந்தாறு வயது வரை ஆகிறது. நடக்கும் பாதைக்கு இந்த நிபந்தனைகளில் பாதி வேண்டாம். இளங்குட்டி, வயதான குதிரை, காயத்திலிருந்து தேறிவரும் குதிரை என எதையும் கயிற்றில் பிடித்து நடத்தலாம். ஏறி ஓட்டவே தெரியாதவரும் செய்யலாம். அதில் ஓர் ஆறு மாதம் பழகிவிட்டு, அதே கம்புகளை வைத்துச் சிறு தாண்டலுக்குப் போகலாம். அதனால் இரண்டுக்கும் பொதுவான பொருளிலிருந்து தொடங்குவோம்.

கம்பு: மரம், குழாய், மூங்கில்

இதில்தான் நீங்கள் அதிகம் செலவு செய்ய வேண்டும். மற்றதெல்லாம் பிறகு.

பி.வி.சி. குழாய் உருளும் என்பதைச் சொல்லிவிட்டேன். உள்ளே மணல் நிரப்பி இரு முனையையும் அடைத்தால் எடை கூடும், உருள்வது கொஞ்சம் குறையும். ஆனால் வெயிலில் கிடக்கும் பி.வி.சி. நாளடைவில் மொறுமொறுவென்று ஆகிவிடும். பிறகு ஒருநாள் குளம்பு அழுத்தும்போது வளையாமல் சில்லுச் சில்லாக உடையும். அந்தச் சில்லின் விளிம்பு கத்தி. வெளியில் பார்த்து அது எப்போது அந்த நிலைக்கு வந்தது என்று கண்டுபிடிக்க முடியாது. எடை குறைவு என்பதில் இன்னொரு இழப்பும் இருக்கிறது. காலில் பட்டும் படாமலும் தெறித்துப் போகும் கம்பைக் குதிரை மதிப்பதில்லை. காலைத் தூக்காமலே தட்டிக்கொண்டு போகப் பழகிவிடும்.

தாண்டலுக்கென்றே பாலிஎதிலீனில் வார்த்த கம்புகள் விற்கிறார்கள். அவை உடையாமல் வளையும், பெயின்ட் உதிராது, சிலாம்பு ஏறாது. பணம் இருந்தால் நல்ல தேர்வுதான், ஆனால் வீட்டில் செய்ய முடியாது.

மூங்கில் நீளம், நேர்த்தி, மலிவு மூன்றும் உள்ள பொருள். அதனாலேயே கை அதை நோக்கிப் போகும். ஆனால் மூங்கில் உடைவது குறுக்கே அல்ல, நெடுக்கே பிளக்கும். பிளந்த மூங்கிலின் விளிம்பு தோலை எப்படி அறுக்கும் என்று அதை ஒருமுறை கையாண்டவருக்குத் தெரியும். குதிரையின் காலில் முழங்காலுக்குக் கீழே தசை கிடையாது. தோலுக்கு அடுத்தது தசைநாண்தான். அந்த இடத்தில் விழும் வெட்டு சாதாரண வெட்டு இல்லை. மூங்கிலை நான் பாதைக்குள் விடுவதே இல்லை.

மிஞ்சுவது மரம். 9 முதல் 10 சென்டிமீட்டர் விட்டம், 3 முதல் 3.6 மீட்டர் நீளம் என்பது பரவலான அளவு. மரத்தின் வகையைப் பொறுத்து 12 முதல் 20 கிலோ வரை வரும். ஒரு ஆள் தூக்கலாம், குதிரையும் மதிக்கும். பட்டையை உரித்து, முடிச்சுகளை இழைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஈயம் கலக்காத பெயின்ட் இரண்டு கோட் அடித்தால் பல ஆண்டு வரும். இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. பழைய ரயில்வே கட்டை, மின்கம்பம் போன்றவற்றில் ஊறியிருக்கும் கிரியோசோட் எண்ணெய் குதிரைக்கு நஞ்சு. ஆர்சனிக் கலந்த மருந்தில் பதப்படுத்திய பழைய மரமும் அப்படியே. குதிரை மரத்தைக் கடிக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

இனி உருளும் சிக்கல். நான் தப்புச் செய்ததும் பிறகு கற்றுக்கொண்டதும் இந்த இடத்தில்தான். உருண்டைக் கம்பு மரமானாலும் தரையில் போட்டால் உருளத்தான் செய்யும். அதைத் தடுக்கப் பலரும் சதுரச் சட்டத்தை வாங்கி, எல்லா இடத்திலும் அதையே பயன்படுத்துகிறார்கள். தரைக்கு அது சரி, விளிம்புகளை மழுக்கிவிட்டால் போதும். ஆனால் அதே சட்டத்தைத் தூக்கித் தாங்கியில் வைத்தால், குதிரை இடிக்கும்போது அது உருண்டு விழாமல் சிக்கி நிற்கும். உயரத்தில் இருக்கும் கம்பு உருள வேண்டும். தரையில் கிடக்கும் கம்பு உருளவே கூடாது. ஆகவே இரண்டு வகை கம்பு வேண்டும் என்பதுதான் என் முடிவு. தரைக்கு மிக நல்லது, ஒரு தடித்த உருட்டுக் கட்டையை நெடுக்காக இரண்டாகப் பிளந்து, தட்டைப் பக்கம் கீழே இருக்கும்படி போடுவது. ஒரு கட்டையில் இரண்டு தரைக்கம்பு கிடைக்கும். பிளக்க வசதி இல்லையென்றால் உருண்டைக் கம்பின் இரு முனைக்கும் கீழே மணலைக் குழித்துப் பதித்துவிடலாம். ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் அது நகர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. குதிரையின் கண்ணில் நிறத்துக்கான உணர்செல்கள் இரண்டு வகைதான். நீலமும் மஞ்சளும் தெரியும். சிவப்பு, ஆரஞ்சு, பச்சை மூன்றும் அதற்கு ஏறக்குறைய ஒரே சாயல். நமக்குப் பளிச்சென்று தெரியும் ஆரஞ்சுக் கம்பு, புல்தரையில் குதிரைக்குப் புல்லோடு புல்லாகக் கரைந்துபோகும். பிரிட்டனில் எக்ஸெட்டர் பல்கலைக்கழகம் இதை ஆராய்ந்த பிறகு, தடை தாண்டும் பந்தயங்களில் பல ஆண்டுகளாக இருந்த ஆரஞ்சு நிறப் பட்டைகளை 2022 முதல் வெள்ளையாக மாற்றத் தொடங்கினார்கள். நம் கம்புக்கும் வெள்ளை அடித்து, நடுநடுவே நீலம் அல்லது மஞ்சள் பட்டை போட்டால் போதும். வெளிறிய மணல் தரையென்றால் நீலப் பட்டையை அகலமாகப் போடுங்கள்.

கம்பை எதன்மேல் வைப்பது?

தாங்கிக்கு ஐந்து வழிகள் பழக்கத்தில் இருக்கின்றன. அவற்றில் இரண்டை இப்போதே ஒதுக்கிவிடுகிறேன்.

வீட்டில் கிடக்கும் பிளாஸ்டிக் நாற்காலியின் மேல் கம்பை வைப்பது முதலாவது. எல்லாருக்கும் தோன்றும் யோசனை இது. நாற்காலியின் கால்களுக்கு நடுவிலோ கைப்பிடிக்குள்ளோ குதிரையின் கால் நுழைந்தால், அது நாற்காலியை மாட்டிக்கொண்டு ஓடும். பயந்த குதிரை ஓட ஓட நாற்காலி அடிக்கும், அடிக்க அடிக்க இன்னும் ஓடும். இரண்டாவது, காங்கிரீட் கல். மூலை கூர்மையானது, விழுந்தால் விட்டுக்கொடுக்காது.

மூன்றாவது, கவலெட்டி. இத்தாலிய மொழியில் ‘சின்னக் குதிரைகள்’ என்று பொருள். கம்பின் இரு முனையிலும் பெருக்கல் குறிபோலச் சட்டங்களை நிரந்தரமாகப் பொருத்தியிருப்பார்கள். திருப்பிப் போட்டால் ஒரே பொருளில் மூன்று உயரம் கிடைக்கும் என்பது இதன் அழகு. தரையிலிருந்து 15 முதல் 50 சென்டிமீட்டருக்குள் நடையும், நடைக்கும் பாய்ச்சலுக்கும் நடுவிலுள்ள ஓட்டமான ட்ராட்டும் பழக்க இதற்கு இணை இல்லை. குறை என்னவென்றால், கம்பு விழாது. மொத்தக் கவலெட்டியும் சேர்ந்து உருளும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தாண்டலாக மாற்றுவது பழைய படங்களில் காணலாம். அதைச் செய்யவே கூடாது. அடுக்கிய கவலெட்டிக்குள் கால் போனால் எல்லாம் சேர்ந்து காலோடு சரிகின்றன. பெருக்கல் குறியின் மேல் முனைகளும் விழுபவரின் விலாவுக்கு நேராக நிற்கும். கவலெட்டி வேண்டுமென்றால் முனையில் சதுரப் பெட்டி வடிவக் கட்டை வைத்து, ஒற்றையாக, தாழ்வாகப் பயன்படுத்துங்கள்.

நான்காவது, வார்ப்பு பிளாஸ்டிக் கட்டைகள். மூலை மழுங்கியவை, லேசானவை, இடித்தால் விலகும். இரண்டுக்கு மேல் அடுக்காத வரை நல்ல பொருள். இடம் குறைவாக இருப்பவருக்கும், ஒவ்வொரு நாளும் எடுத்து வைக்க வேண்டியவருக்கும் இதுதான் வசதி.

ஐந்தாவது, முறையான தாங்கி. இதை வீட்டில் செய்வது பெரிய வேலை இல்லை. 10 சென்டிமீட்டர் சதுரத் தூண், 1.2 மீட்டர் உயரம், அடியில் நாலாப் பக்கமும் நீளும் கால்கள், கப்பை ஊசியால் பொருத்தத் தூணில் 7.5 சென்டிமீட்டருக்கு ஒரு துளை. கப் என்பது கம்பு உட்காரும் சிறு கிண்ணம். ஆணியை விட போல்ட் நல்லது. ஆணி நாளடைவில் தலை தூக்கும். போல்ட்டின் தலையும் மரத்துக்குள் அமிழ்ந்திருக்க வேண்டும். கம்பைத் தாங்கும் கப்பை மட்டும் வீட்டில் வளைக்காமல் வாங்கிவிடுங்கள். சர்வதேசக் குதிரையேற்றச் சம்மேளனத்தின் விதியில் கப்பின் ஆழத்துக்குக் கீழ் எல்லையும் மேல் எல்லையும் மில்லிமீட்டர் கணக்கில் இருக்கின்றன. அவ்வளவு கறாராக இருப்பதன் காரணம், கம்பு காற்றில் விழாமலும் குளம்பு பட்டால் மறுக்காமலும் இருக்க வேண்டும் என்பதுதான். வீட்டில் வளைக்கும் கொக்கி பெரும்பாலும் ஆழமாகிவிடும். கம்புக்குப் பதில் பலகையை வைத்தால் இந்தக் கப் உதவாது. பலகைக்குத் தட்டையான தாங்கி வேண்டும், இல்லையென்றால் பலகை சுவராகிவிடும்.

கப் இருக்க வேண்டியது குதிரை தாண்டி இறங்கும் பக்கத்தில். கம்பு தூணை விட்டு விலகி முன்னால் விழ வேண்டும். அதே தடையை எதிர்ப்பக்கமிருந்து தாண்டினால் கம்பு தூணில் மோதி நின்றுவிடும். கம்பு இல்லாத வெறும் கப்பைத் தூணில் விட்டுவைக்கக் கூடாது. விழும் ஆளின் முகமோ குதிரையின் விலாவோ அதில் கிழியும்.

திறந்த வெளியில் நிலையான தடைகளை வைத்துத் தாண்டும் சுற்றும் அடங்கிய ஈவென்டிங் போட்டியில்கூட, ஒரு அளவுக்கு மேல் விசை பட்டால் உடைந்து தடையைக் கீழே இறக்கிவிடும் ஊசிகளைப் பொருத்துகிறார்கள். குதிரை முன்னங்கால் மாட்டித் தலைக்குப்புறச் சுழன்று வீரரின் மேலேயே விழும் விபத்துகளால்தான் அந்த ஏற்பாடு வந்தது. அத்தனை அனுபவமுள்ள குதிரைகளுக்கே விழும் தடை தேவைப்படும்போது, நம் கொட்டகைக்குப் பின்னால் இருக்கும் தடை விழாமல் நிற்க எந்த நியாயமும் இல்லை.

டிரம், டயர், வைக்கோல் கட்டு

200 லிட்டர் டிரம்களில் பிளாஸ்டிக்கை எடுங்கள், இரும்பை விடுங்கள். இரும்பு டிரம்மின் விளிம்பு துருப்பிடித்தால் அறுக்கும். மோதினால் எழும் ஓசையும் பல குதிரைகளை மிரட்டும். முன்பு என்ன இருந்தது என்று தெரியாத டிரம்மையும் தொடாதீர்கள். நிமிர்த்தி வைத்துச் சுற்றிவர அது அருமையான பொருள். காற்றில் ஓடாமலிருக்க அடியில் ஒரு சாண் மணல் போதும். படுக்கவைத்தால் அது உருளும் பொருளாகிவிடுகிறது. இரு பக்கமும் கம்பை அண்டக்கொடுத்துத்தான் படுக்கவைக்க வேண்டும்.

டயரை நான் அவ்வளவு நம்புவதில்லை. வெறும் டயருக்குள் குளம்பு இறங்கி, விளிம்பு கணுவில் மாட்டி, டயர் காலோடு வருவதைக் கற்பனை செய்து பாருங்கள். தேய்ந்த டயரிலிருந்து உருக்குக் கம்பிகளும் முள்போல வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கம்பி தெரியாத டயராகத் தேடி, பாதி மண்ணில் புதைத்து, உள்ளே மணலைக் கெட்டித்து நிரப்பினால் அது அசையாத பொருளாகிறது. அப்போது ஏற்றுக்கொள்ளலாம். அவ்வளவு வேலை செய்ய மனமில்லையென்றால் டயர் வேண்டாம்.

வைக்கோல் கட்டு மென்மையாகத் தெரியும், ஆனால் கட்டியிருக்கும் கயிறு குளம்பில் மாட்டும். ஓரத்தில் எல்லையாக வைக்கலாம், தாண்டுவதற்கு வைக்க வேண்டாம். தடையின் அடியில் பச்சை இலைதழை செருகி அலங்கரிப்பவர்கள் அரளிக் கிளையை எடுத்துவிடாதீர்கள். அரளி குதிரையைக் கொல்லும். வாடினாலும் காய்ந்தாலும் அதன் நஞ்சு போவதில்லை.

பாலம்

நடக்கும் பாதையின் உயிர் இதுதான். நன்றாக அமைந்த ஒரு பாலம் மற்றப் பத்துத் தடைகளுக்குச் சமம். குதிரைக்குத் தன் மூக்குக்கு நேர் கீழே இருப்பது தெரியாது. காலடியில் தரை மாறுகிறது, ஓசை மாறுகிறது, ஆனாலும் கூட வரும் மனிதர் சொல்கிறார் என்பதற்காகக் காலை வைக்கிறது. அந்த நம்பிக்கைக்கு நாம் தரும் ஈடு, அந்தப் பலகை உடையாது என்பது மட்டும்தான்.

சரக்கு வரும் மரத்தட்டுகளை, அதாவது பேலட்டுகளை, வரிசையாகப் போட்டுப் பாலம் என்று சொல்வதைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பலகைகள் இரண்டு சென்டிமீட்டர் தடிமன்கூட இருக்காது. நடுவில் குளம்பு நுழையும் இடைவெளி வேறு. 500 கிலோ குதிரை சும்மா நிற்கும்போதே ஒரு முன்னங்காலில் 150 கிலோ இறங்கும். ட்ராட்டில் ஒரு காலில் விழும் விசை உடல் எடையைத் தொடும். அத்தனையும் ஓர் உள்ளங்கை அகலத்தைவிடக் கொஞ்சம் பெரிய குளம்பின் வழியாக. பேலட் வேண்டவே வேண்டாம்.

உடனே தொடங்க நினைப்பவருக்குக் கொட்டகையில் விரிக்கும் தடித்த ரப்பர் விரிப்பு இருக்கிறது. அதன் எடையே அதை நகராமல் வைக்கும், வழுக்காது, குளம்பின் ஓசையும் கொஞ்சம் மாறும். முதல் இரண்டு மாதத்துக்கு இதுவே பாலம். ஒட்டுப்பலகையை மண்ணில் போடுவது இதற்கு மாற்று. அதில் ஓசை அதிகம், அது பழக்கத்துக்கு நல்லதே. ஆனால் ஈரமானால் லாடம் வழுக்கும், அடியில் மண் மேடுபள்ளமாக இருந்தால் ஒரு முனை தூக்கிக்கொள்ளும்.

உண்மையான பாலம் கட்டுவதென்றால் தச்சரைக் கூட்டி வந்து ஒரே தடவையாகக் கட்டிவிடுங்கள். போகும் திசையில் மூன்று நான்கு கனமான சட்டங்கள், அவற்றின்மேல் குறுக்காக 5 சென்டிமீட்டர் தடிமனுள்ள பலகைகள், பலகைகளுக்கு நடுவே தண்ணீர் வடிய ஒரு விரல் கனத்துக்கு மேல் இடைவெளி வேண்டாம். நீளம் 3 முதல் 4 மீட்டர், அகலம் குறைந்தது 1.5 மீட்டர், உயரம் 15 முதல் 20 சென்டிமீட்டர். மேலே ரப்பரை ஒட்டி அல்லது பெயின்ட்டில் மணலைக் கலந்து அடித்துச் சொரசொரப்பாக்குங்கள். கம்பி வலை அடிப்பவர்கள் உண்டு. லாடத்தின் ஓரம் அதில் மாட்டும் என்பதால் எனக்கு அது ஒப்பவில்லை. முதல் சில வாரம் பாலத்தின் அடியில் மண்ணைக் கெட்டித்து வைத்தால் ஓசை அடங்கியிருக்கும். குதிரை தயங்காமல் நடந்த பிறகு மண்ணை வாரிவிடுங்கள். அப்போதுதான் அந்தக் கொட்டு முழங்கும். என் பெண்குதிரை அந்த நாளில் பாலத்தின் நடுவில் நின்று, தலையைத் தாழ்த்திப் பலகையை முகர்ந்து, பிறகு தானாகவே அடுத்த காலை வைத்தாள். அவள் தலையைத் தாழ்த்தக் கயிற்றைத் தளர்த்தி விட்டிருந்தேன். அதைச் செய்யாமல் இழுத்துப் பிடித்திருந்தால் நின்றிருக்க மாட்டாள், ஓரத்தில் குதித்திருப்பாள்.

மிரட்டும் பொருட்கள்

சாதாரண நீலத் தார்ப்பாய் காற்றில் படபடக்கும், லாடத்தில் ஒட்டிக்கொண்டு எழும், கிழிந்தால் காலைச் சுற்றும். தார்ப்பாய்தான் கையில் இருக்கிறதென்றால் அதை ஒரு முழ அகலத்துக்கு மடித்து, நான்கு ஓரத்தையும் தரைக்கம்பு வைத்து அழுத்தி, நாளுக்கு நாள் அகலமாக விரித்துப் போங்கள். தொழிற்சாலைகளில் கழிக்கும் கன்வேயர் பெல்ட் துண்டு கிடைத்தால் தார்ப்பாயைவிட எத்தனையோ மேல். கனம், கருமை, பளபளப்பு எல்லாம் இருக்கிறது, அசையாது. குதிரை ஊடே நடந்துபோகும் திரைக்கு, கயிற்றில் பட்டை பட்டையாகத் துணியைத் தொங்கவிடலாம், அல்லது நீச்சல் பழகும் நுரைக் குழாய்களைத் தொங்கவிடலாம். எதுவானாலும் இழுத்தால் கையோடு வந்துவிடுமாறு லேசாகச் செருகியிருக்க வேண்டும். முடிச்சுப் போட்ட கயிறு வேண்டாம்.

வாயிற்கதவுக்கும் இதே கணக்கு. மரக் கதவைக் கீலில் மாட்டினால் உண்மையான வேலை பழகும். ஆனால் சேணமோ கடிவாளமோ தாழ்ப்பாளில் மாட்டிக்கொண்டால் கதவோடு இழுபறி. இரண்டு தூணுக்கு நடுவே கயிறு கட்டி, ஒரு முனையைக் கொக்கியில் வெறுமனே தொங்கவிட்டால் நிலைமை கைமீறும்போது விட்டுவிடலாம். தொடக்கத்துக்குக் கயிறு. குதிரை பக்கவாட்டில் நன்றாக அடியெடுத்து வைக்கப் பழகிய பிறகு கதவு.

அளவு: கண்ணா, டேப்பா?

டேப்தான். ஆனால் எந்த அளவு என்பதில் புதியவர்கள் குழம்புகிறார்கள், அது அவர்கள் தப்பல்ல. அமெரிக்க குவார்ட்டர் ஹார்ஸ் சங்கத்தின் டிரெயில் விதிகளில் ஜாக் என்கிற மெதுவான ட்ராட்டுக்குக் கம்புகளின் இடைவெளி 3 முதல் 3.5 அடி. ஆங்கில முறைப் பயிற்சியில் அதே ட்ராட்டுக்கு 4 முதல் 4.5 அடி சொல்வார்கள். இரண்டும் சரி. குவார்ட்டர் ஹார்ஸ் என்னும் இனத்துக் குதிரையின் ஜாக் அடிவீச்சு குறுகியது, மற்றதில் குதிரை வீச்சாக நடக்கிறது. நடைக்கு முதலாவதில் 20 முதல் 24 அங்குலம், இரண்டாவதில் 2.5 முதல் 3 அடி. கேன்டர் என்கிற மெதுவான பாய்ச்சலுக்கு முறையே 6 முதல் 7 அடியும் 9 முதல் 10 அடியும். பாதிக் கம்புகளை ஓர் அளவிலும் பாதியை இன்னோர் அளவிலும் போட்டுவிட்டால் குதிரை நடுவில் தடுமாறும்.

உங்கள் குதிரையின் அளவைக் குதிரையிடமே கேளுங்கள். மணலை வாரிச் சமமாக்கி, அதை வழக்கமான வேகத்தில் ட்ராட்டில் ஓட்டி, ஒரே கால் பதித்த அடுத்தடுத்த குளம்புத் தடங்களின் இடைவெளியை அளந்தால் முழு அடிவீச்சு தெரியும். அதில் பாதிதான் ட்ராட் கம்புகளின் இடைவெளி. ஒரு கம்பில் தொடங்கி, பிறகு நேரே மூன்றுக்குப் போங்கள். இரண்டு கம்பு மட்டும் இருந்தால் சில குதிரைகள் இரண்டையும் சேர்த்துத் தாவிவிடும்.

பின்னால் நடக்கும் சந்துக்கு அதே சங்கத்தின் விதியில் குறைந்த அகலம் 28 அங்குலம், கம்பு உயர்ந்திருந்தால் 30. அது போட்டிக்கு. வீட்டில் நான்கு அடியில் தொடங்குங்கள்.

சிறு தாண்டலுக்கு வந்தால், தடைக்கு முன்னால் ஒரு சாண் முதல் ஓர் அடி தள்ளித் தரையில் ஒரு கம்பு கிடக்க வேண்டும். குதிரை எங்கே எழும்புவது என்று கணிப்பது அந்தக் கோட்டை வைத்துத்தான். அந்தக் கம்பு தடைக்குப் பின்னால் நழுவிப் போயிருந்தால் குதிரை ஏமாந்து மிக அருகில் வந்து எழும்பும், முன்னங்கால் இடிக்கும். ஒவ்வொரு தடவையும் பார்க்க வேண்டிய ஒன்று இது. ட்ராட்டில் வந்து தாண்டுவதற்குத் தடைக்கு 9 அடி முன்னால் ஒரு தரைக்கம்பு, தாண்டிய பின் ஒரே ஒரு கேன்டர் வீச்சு வைத்து அடுத்த தடைக்கு 18 அடி. குட்டையான குதிரைக்கு இதைக் குறைக்க வேண்டும். கேன்டரிலேயே வரும் பெரிய குதிரைக்கு அந்த 18 அடி 24 ஆகும்.

நிரந்தரமாகவா, எடுத்து வைக்கவா?

பாலம், மேடு, புதைத்த டயர் ஆகியவை நிரந்தரம். கம்பும் தாங்கியும் எடுத்து வைப்பவை. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒரே வரிசையில் மாதக்கணக்கில் கிடக்கும் பாதையைக் குதிரை மனப்பாடம் செய்துவிடும். மூன்றாவது தடையிலிருந்து நாம் சொல்வதைக் கேட்பதை நிறுத்திவிடும். கம்புகளை வாரத்துக்கொரு தடவை மாற்றிப் போடுங்கள். 20க்கு 40 மீட்டர் இடம் இருந்தால் ஆறு தடைகள் போதும், அதற்கு மேல் நெருக்கம். ஒரு தடையிலிருந்து அடுத்ததற்குப் போகும் வழியில் குதிரை நேராகி நாலு அடி நிம்மதியாக நடக்க இடம் வேண்டும்.

இன்று எனக்குக் கொஞ்சம் பணமும் ஒரு வார விடுமுறையும் மட்டும் இருந்தால், பிளந்த தரைக்கம்பு ஆறு, உருண்டைக் கம்பு நான்கு, ஒரு ரப்பர் விரிப்பு, நான்கு பிளாஸ்டிக் டிரம், இரண்டு ஜோடித் தாங்கி. பாலம் அடுத்த பருவத்துக்கு. டயரும் தார்ப்பாயும் யாராவது சும்மா கொடுத்தாலும் யோசித்துத்தான் வாங்குவேன்.

அதே இடத்தில் குதிரைகளை அவிழ்த்து மேயவிடுவதாக இருந்தால், மாலையில் ஒரு பழக்கம் வேண்டும். கப்புகளைக் கழற்றி வாளியில் போட்டு, எண்ணி, அவற்றைப் பொருத்தும் ஊசிகளையும் எண்ணி, தாங்கிகளை வேலிக்கு அந்தப்பக்கம் நகர்த்தி, கம்புகளைச் சுவரோரம் அடுக்குங்கள். எண்ணிக்கை ஒன்று குறைந்தால் அது கிடைக்கும் வரை குதிரையை உள்ளே விடாதீர்கள்.